இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிய சமரசம்

"கோர்ட்டுக்குப் போகாமல் இதை முடித்துக்கொள்ள வழி இருக்கிறதா?" என்று யாராவது கேட்டால், இருக்கிறது என்றுதான் முதலில் சொல்வேன். ஒன்றல்ல, நாலைந்து வழி இருக்கிறது. ஆனால் கூடவே ஒரு கேள்வியும் கேட்பேன். பேசி முடித்த பிறகு அதை எங்கே, யார் முன்னால், எப்படி எழுதப் போகிறீர்கள்? பேச்சு நல்லபடியாக முடிந்தும் எழுத்தில் கோட்டைவிட்டதால் திரும்பவும் முளைக்கிற தகராறுகள் நம் ஊரில் ஏராளம். அதனால் டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாகப் பேசுவோம். அவசரப்பட்டுத்தான் பலரும் இதில் ஏமாறுகிறார்கள்.

வழக்கமாக நடப்பது இதுதான். அண்ணன் தம்பிக்குள் இரண்டு ஏக்கர் நிலத்தில் தகராறு. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, கிணற்றுப் பக்கம் அண்ணனுக்கு, ரோட்டுப் பக்கம் தம்பிக்கு என்று முடிக்கிறார்கள். 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, நாலு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, ஒருவர் அதை பீரோவில் வைத்துப் பூட்டுகிறார். சில வருஷம் கழித்துத் தம்பியின் மகன் தன் பங்கை விற்கப் போனால், வாங்க வருகிறவரின் வக்கீல் அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அசையாச் சொத்தில் 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள உரிமையை உண்டாக்குகிற, மாற்றுகிற, விட்டுக்கொடுக்கிற பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். பதியாத பத்திரத்தை வைத்துக்கொண்டு அந்த நிலத்துக்கு உரிமை கேட்க முடியாது. முத்திரைத்தாளில் எழுதிவிட்டாலே சட்ட பலம் வந்துவிடும் என்பது நம் மக்களிடம் ஆழமாக ஊறிப்போன நம்பிக்கை. அது எத்தனையோ குடும்பங்களைக் கெடுத்திருக்கிறது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. குடும்பத்தார் ஏற்கெனவே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு அனுபவித்துவர, அதைப் பின்னால் ஞாபகத்துக்காக ஒரு குறிப்பாக எழுதிக்கொண்டால், அந்தக் குறிப்பைப் பதிய வேண்டியதில்லை என்று 1976இல் காலே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இதைக் குறுக்கு வழியாக நினைத்து, இன்றைக்குப் பிரித்துக்கொள்வதைப் போன தை மாதமே பிரித்ததாக எழுதினால், சாட்சிக் கூண்டில் ஏறிய முதல் ஆளே உண்மையைச் சொல்லிவிடுவார். நிலம் என்றால் செலவைப் பார்க்காமல் பதிந்துவிடுங்கள்.

அந்தக் காகிதத்தில் இன்னொரு ஓட்டையும் இருக்கும். அக்காவின் கையெழுத்து இருக்காது. "அவளுக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டுச் சீர் செய்தாச்சே" என்பார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் வந்த 1989ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுவதற்குமான 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்துக் குடும்பத்தில் பிறந்த பெண்ணை மகனுக்குச் சமமான பங்காளியாக்கின. அப்பா 2005இல் உயிரோடு இருந்தாரா இல்லையா என்பதைப் பார்க்க வேண்டியதில்லை என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சந்தேகத்தையும் தீர்த்துவிட்டது. போட்ட நகை பங்குக்கு ஈடாகாது. அவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அதற்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். இல்லையென்றால் பங்கைக் கொடுக்க வேண்டும். பங்காளி ஒருவரை விட்டுவிட்டுச் செய்கிற பாகப்பிரிவினை அவரைக் கட்டுப்படுத்தாது. அவர் வழக்குப் போட்டால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். பங்காளிகளில் ஒருவர் இறந்து அவருடைய பிள்ளைகள் மைனராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வழக்கு நடக்கும்போது மைனருக்காகச் செய்கிற சமரசத்துக்கு, நீதிமன்றம் அதைப் பார்த்து அனுமதி தர வேண்டும். சித்தப்பா கையெழுத்துப் போட்டால் போதாது.

ஆகவே எந்தச் சமரசத்திலும் முதல் வேலை, யாரெல்லாம் வந்து உட்கார வேண்டும் என்று பார்ப்பது. பெண்களை அடுப்படியில் நிறுத்திவிட்டுத் திண்ணையில் பேசி முடிப்பதைச் சமரசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நிலத்தை விடுங்கள், கைமாற்றுக் கடனுக்கு வருவோம். புரோநோட்டின் பேரில் 5 லட்சம் கொடுத்திருக்கிறீர்கள். கேட்டால், "இந்த மாசம் பார்க்கலாம், அடுத்த மாசம் பார்க்கலாம்" என்கிறார். வழக்குப் போட்டால் தமிழ்நாட்டில் கேட்கிற தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம், அதாவது 15,000 ரூபாய். வக்கீல் ஃபீஸ் தனி. அதற்குப் பிறகு வாய்தா, வாய்தாவுக்குப் பிறகு வாய்தா. டிக்ரி வாங்கினாலும் அதை நிறைவேற்ற இன்னொரு மனு.

இந்த இடத்தில்தான் சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று ஒன்று இருப்பது பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்ட ஆணைக்குழு, தாலுகா நீதிமன்றங்களில் வட்டக் குழு. வழக்கே போடாமல் அங்கே ஒரு மனு கொடுக்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. அவர்கள் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பி வரவழைப்பார்கள். வந்து பேசி ஒத்துக்கொண்டால், லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் அது தீர்வாக எழுதப்படும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 21ஆவது பிரிவின்படி அந்தத் தீர்வு உரிமையியல் நீதிமன்ற டிக்ரிக்குச் சமம். அதன் மேல் அப்பீல் கிடையாது. மோசடி நடந்தது என்பதுபோன்ற மிகச் சில காரணங்களுக்காக உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம், அவ்வளவுதான். சொன்னபடி பணம் வரவில்லையென்றால் நேராக நிறைவேற்று மனு போட்டு ஜப்திக்குப் போகலாம். மறுபடியும் சாட்சி, விசாரணை ஒன்றும் வேண்டாம். டீக்கடை பெஞ்சில் எழுதிய காகிதத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் இதுதான். செக் திரும்பிய கிரிமினல் வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால்கூட, அந்தத் தீர்வை சிவில் டிக்ரி போல நிறைவேற்றலாம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மக்கள் நீதிமன்றத்தில் உட்காருகிறவர்கள் யாருக்கும் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். பணியில் இருக்கிற அல்லது ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரோடு வக்கீலோ சமூகப் பணியாளரோ இருப்பார்கள். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் எழுதுவார்கள். ஒத்துவரவில்லை என்றால் வழக்கு வந்த இடத்துக்கே திரும்பிவிடும், உங்களுக்கு நஷ்டமில்லை. தேசிய மக்கள் நீதிமன்றம் ஆண்டுக்கு நான்கு முறை, பெரும்பாலும் சனிக்கிழமையில் நடக்கும். அன்றைக்குக் கூட்டம் நெரியும், ஒவ்வொரு வழக்குக்கும் சில நிமிஷம்தான் கிடைக்கும். "ஒத்துக்கோங்க, இதைவிட அதிகம் கிடைக்காது" என்று நாலு பக்கமும் குரல் வரும். முடியாது என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. மின்சாரம், குடிநீர், போக்குவரத்து, மருத்துவமனை, இன்சூரன்ஸ் போன்ற சேவைகளுக்கான நிரந்தர மக்கள் நீதிமன்றம் மட்டும் வேறு மாதிரி. அங்கே சமரசம் முறிந்தால், ஒரு கோடி ரூபாய் வரையிலான விவகாரத்தில் அவர்களே முடிவு சொல்லலாம்.

ஒத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை உள்ளே போவதற்கு முன்பே கணக்குப் போட்டு வைத்திருக்க வேண்டும். விபத்து இழப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 34 வயதுக்காரர் ஒருவர் சாலை விபத்தில் இறந்துவிடுகிறார். சொந்தத் தொழிலில் மாதம் 20,000 சம்பாதித்தவர். மனைவி, இரண்டு பிள்ளைகள். உச்ச நீதிமன்றம் 2009இல் சரளா வர்மா வழக்கிலும் 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்த கணக்கு இப்படிப் போகும். 40 வயதுக்குக் கீழே சொந்தத் தொழில் என்பதால் எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் சேர்த்தால் 28,000. மூன்று பேர் அவரை நம்பி இருந்ததால், அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் வருஷத்துக்கு 2,24,000. 31 முதல் 35 வயது வரை பெருக்க வேண்டிய எண் 16. ஆக, 35,84,000 ரூபாய். ஈமச் செலவு போன்றவை இதற்கு மேல். வருமானத்தை நிரூபிக்க ஆதாரம் பலவீனமாக இருந்தால் இந்தத் தொகை குறையும். அதற்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கே தெரியாமல், புருஷனை இழந்து நிற்கிற பெண்ணிடம் "12 லட்சம், இன்றைக்கே முடிச்சுடலாம்" என்று சொல்லி அவர் தலையாட்டினால், அது எனக்குப் பொறுக்கவில்லை. தன் வக்கீலிடம் இந்தப் பெருக்கலை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லிக் கையில் வைத்துக்கொண்டு அவர் உள்ளே போக வேண்டும்.

சமரசத் தீர்வு மையம் இதிலிருந்து வேறுபட்டது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 ஏப்ரலில் தொடங்கிய மையம்தான், நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களில் இந்தியாவிலேயே முதலாவது. இப்போது மாவட்டங்களிலும் இருக்கிறது. நிலுவையில் உள்ள வழக்கை உரிமையியல் நடைமுறைச் சட்டம் 89ஆவது பிரிவின்படி நீதிபதி அங்கே அனுப்பலாம். பேசுவதற்கு நேரம் கிடைக்கும் என்பதுதான் அதன் பெரிய பலம்.

அந்த அறையில் மேடை கிடையாது. எல்லோரும் ஒரே மேஜையைச் சுற்றி ஒரே உயர நாற்காலியில் உட்கார்வார்கள். சமரசர் முதலில் இரு தரப்பையும் வைத்துக்கொண்டு, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் கேட்கச் சொல்வார். கோர்ட்டில் வக்கீல்தான் பேசுவார். இங்கே கட்சிக்காரரே பேசுகிறார். பிறகு ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துப் பேசுவார். தனியாகச் சொன்னதை உங்கள் அனுமதி இல்லாமல் அடுத்தவரிடம் சொல்ல மாட்டார். அங்கே பேசிய எதையும் பின்னால் கோர்ட்டில் சாட்சியமாக்கவும் முடியாது. அந்தத் தனி அறையில்தான் உண்மையான காரணம் வெளியே வரும். பொதுப் பாதைக்காக எட்டு வருஷமாக வழக்காடுகிற பக்கத்து வீட்டுக்காரர், "பாதை கிடக்குது சார், என் பொண்ணு கல்யாணத்துக்கு அவன் வந்து நிக்கல" என்பார். எந்தப் பிராதிலும் இந்த வரி இருக்காது. எந்த நீதிபதியும் இதற்கு டிக்ரி போட முடியாது. சமரசரால் இதை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியும்.

ஒப்புக்கொண்டபின் எழுதுவதைப் பற்றி முதலில் சொன்னேன் அல்லவா, அதைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். "எதிர்த்தரப்பினர் மேற்படி தொகையைக் கூடிய விரைவில் செலுத்திவிடுவதாக ஒப்புக்கொள்கிறார்." பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூடிய விரைவு என்பது எப்போது? தராவிட்டால் என்ன? இதையே இப்படி எழுதுங்கள்: "4,50,000 ரூபாயை ஒன்பது தவணையாக, தவணைக்கு 50,000 வீதம், ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் மனுதாரரின் இந்த வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். ஏதேனும் ஒரு தவணை தவறினால் மீதித் தொகை முழுவதும், தவறிய தேதியிலிருந்து இத்தனை சதவீத வட்டியோடு உடனே வசூலிக்கத்தக்கது. கடைசித் தவணை சேர்ந்த ஏழு நாளுக்குள் மனுதாரர் அசல் புரோநோட்டைத் திருப்பித் தர வேண்டும்." இதை வைத்து ஜப்தி வரைக்கும் போகலாம், முதல் வாக்கியத்தை வைத்து எங்கேயும் போக முடியாது. 5 லட்சத்தில் 50,000 விட்டுக்கொடுத்ததற்குக் கிடைக்க வேண்டிய பலன் இந்த வரிகளில்தான் இருக்கிறது.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது இப்படி முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். மையத்துக்கோ மக்கள் நீதிமன்றத்துக்கோ போகாமல் இரு தரப்பும் தாங்களாகவே வெளியே பேசி முடித்தாலும் அது பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை 2021இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பலர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை.

வழக்கே இல்லாமல், தனியாக ஒரு சமரசரை வைத்துச் செய்கிற உடன்படிக்கையும் டிக்ரி போலச் செல்லும் என்கிறது 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டம். ஆனால் அந்த ஆண்டு அக்டோபர் 9இல் சில பிரிவுகள் மட்டுமே நடைமுறைக்கு வந்தன, இந்தப் பிரிவு அவற்றில் இல்லை. நம்பிக் கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்றைய நிலவரத்தை ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிதி நிறுவனங்கள் அனுப்புகிற ஆர்பிட்ரேஷன் நோட்டீஸையும் சமரச அழைப்பு என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அங்கே நடுவர் உங்களைக் கேட்டும் கேட்காமலும் தீர்ப்பே எழுதிவிடலாம். விவகாரத்தில் ஆதாயம் உள்ள தரப்பு தானாகவே நடுவரை நியமிக்கக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த ஆட்சேபத்தை உடனே எழுத்தில் சொல்ல வேண்டும்.

நாள் கணக்கும் முக்கியம். "பேசிக்கிட்டுத்தானே இருக்கோம்" என்று சும்மா இருந்துவிடக் கூடாது. வெறும் பேச்சு காலவரையறையை நிறுத்தாது. சாதாரணமாகப் புரோநோட்டுக்கு மூன்று வருஷம். அதற்குள் எதிர்த்தரப்பு கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம் ஓடும். பேச வருகிறவரிடம் முதலில் அந்த நாலு வரியை வாங்கிக்கொள்ளுங்கள். செக் என்றால் இன்னும் நெருக்கடி. திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்ததிலிருந்து 15 நாள் அவருக்கு அவகாசம், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார்.

எல்லாவற்றையும் பேசி முடிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. காவல் நிலையத்தில் உட்காரவைத்து நிலத் தகராறுக்கு எழுதி வாங்குவது சமரசம் அல்ல. சிவில் விவகாரத்தைத் தீர்க்கப் போலீசுக்கு அதிகாரமில்லை. சாதியின் பேரால் கூடி அபராதம் போடுவதும், ஊரைவிட்டு ஒதுக்குவதும், காதலித்தவர்களைப் பிரிப்பதும் சமரசம் அல்ல. தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் கட்டப் பஞ்சாயத்தைச் சட்டவிரோதம் என்று பெயர் சொல்லியே கண்டித்தது. போலிப் பத்திரம் என்று கடுமையான குற்றச்சாட்டு இருந்தால் அதைச் சாட்சியத்தோடு நீதிமன்றம்தான் பார்க்க வேண்டும். குழந்தைக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைப் பணம் வாங்கிக்கொடுத்து மூடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். போக்சோ சட்டத்தில், தெரிந்தும் புகார் தராமல் இருப்பதே குற்றம். அடிவாங்குகிற பெண்ணைக் கணவன் எதிரில் உட்காரவைத்து, "கொஞ்சம் அனுசரித்துப் போம்மா" என்பதையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். பயம் உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஒப்புதலுக்கு மதிப்பில்லை.

சரி, நாளைக் காலையில் கிளம்புகிறீர்கள் என்றால் தாலுகா நீதிமன்றத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேளுங்கள். வழி தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். ஆதார், புரோநோட்டு அல்லது பத்திரத்தின் நகல், பணம் கொடுத்ததற்கான வங்கிக் குறிப்பு, இதுவரை அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு இப்போது குடியிருக்கிற முகவரி சரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நோட்டீஸ் திரும்பி வந்துவிடும். பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு இருக்கிறது. அந்த வக்கீலை, சமரச உடன்படிக்கையில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் உங்களுக்குப் புரிகிற தமிழில் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.